பாம்பன் கால்வாயில் எங்களுக்கும் ஒரு கொடி ஏற்றுங்கள்

பாம்பன் தூக்குப்பாலத்தின் வழியே கப்பல்களையும் படகுகளையும் கடக்க விடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் துடுப்புப் போட்டு வத்தை என்கிற சின்னப் படகு விடுகிறவன். எங்கள் வத்தையில் இன்ஜின் கிடையாது. நண்டு வலை விட வடகடலுக்கும், காற்று மாறினால் தென்கடலுக்கும் பாலத்துக்கு அடியில்தான் போய்வருகிறோம். பாலம் தூக்கும் நாளில் அங்கே எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் போன வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

காலை எட்டு மணி இருக்கும். வத்தையில் நானும் என் சித்தி மகனும். ஆடிக் காற்று. தென்கடல் தண்ணீர் பாலத்துக்கு அடியில் வடக்கே பாய்ந்து ஓடுகிறது. அதை எதிர்த்துத் தெற்கே வருவதென்றால் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி மூச்சு வாங்கி, அப்புறம் அடுத்த தூண் வரை துடுப்பு வலிக்க வேண்டும். பாதி வந்தபோதுதான் பாலம் மேலே ஏறுவதைப் பார்த்தோம். முதலில் கப்பல் போனது. அதன் பின்னால், தென்கடலில் குந்துகால் கரைப் பக்கம் காத்துக் கிடந்த விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக, நீரோட்டமும் சேர்ந்து தள்ள வந்தன. மூன்றாவது படகின் அலை எங்களைத் தூக்கித் தூணில் அடித்தது. வத்தை உடையக் கூடாதே என்று தம்பி கையைக் குறுக்கே கொடுத்தான். தூண் முழுக்கச் சிப்பி. உள்ளங்கை கிழிந்து ஆறு தையல்.

படகு ஓட்டி வந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு அந்த வழியை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் தம்பியால் இப்போது வலையில் நண்டு கழற்ற முடியவில்லை. அதற்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் இழுத்தால் நண்டின் கால் ஒடிந்துவிடும், ஒடிந்த நண்டை வியாபாரி பாதி விலைக்குத்தான் எடுப்பார். அவன் மனைவி விடியலில் கரைக்கு வந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கழற்றுகிறாள். அவன் கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பாலம் தூக்கும் நாளில், தண்ணீரில் இருப்பவன் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் கரையில் ஒரு கொடி ஏற்றுங்கள். புயல் சின்னம் வந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். அதைப் பார்த்துத்தானே எங்கள் ஊரே கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது? அதேபோல இதற்கும் ஒன்று. காலையில் ஏற்றி, கடைசிப் படகு கடந்ததும் இறக்கினால் போதும்.

இதைச் சொல்ல ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "பெரிய படகு வந்தா சின்னப் படகுதான் ஒதுங்கணும்" என்றார்கள். ஒதுங்க மாட்டோம் என்று யார் சொன்னது ஐயா? எப்போது ஒதுங்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். 1914இல் திறந்த பழைய பாலத்திலேயே, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்த சிக்னல் இருந்தது. ரயிலில் வருகிறவர் உயிருக்கு அந்தக் கவனம் இருந்ததில் எங்களுக்குச் சந்தோஷம்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72 மீட்டருக்கு மேல் நீளமான இரும்புப் பகுதி அப்படியே மேலே ஏறுகிறது. எங்கிருந்தெல்லாமோ வந்து பார்க்கிறார்கள், நாங்களும் கரையில் நின்று பார்த்துப் பெருமைப்பட்டோம். அவ்வளவு பெரிய இரும்பை ஏற்றுகிற இடத்தில் ஒரு முழத் துணியை ஏற்ற முடியாதா? கடக்கப் போகிற கப்பலுக்கு நேரம் தெரிகிறது. காத்திருக்கிற விசைப்படகுக்கும் தெரிகிறது. வத்தைக்காரனுக்கும் தெர்மாகோல் மிதவையில் போகிறவனுக்கும் மட்டும் ஏன் தெரியக் கூடாது?

சூடாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். தம்பியின் கையைத் தினமும் பார்க்கிறேன், அதனால்தான்.

வாடைக் காற்று தொடங்கினால் தண்ணீர் திரும்பித் தெற்கே ஓடும், வடகடலிலிருந்து வரும் படகுகளுக்கு அப்போது அதே வேகம் கிடைக்கும். அதற்கு முன்னால் அந்தக் கொடியை ஏற்ற ஏற்பாடு செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கம்பம் நட இடம் காட்டினால் குழி தோண்ட நாங்களே வருகிறோம். கொடி நல்ல சிவப்பாக இருக்கட்டும். காலை வெயிலில் தண்ணீர் மினுங்கும்போது மஞ்சளும் வெள்ளையும் எங்கள் கண்ணுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
பாம்பன் வத்தைக்காரன் ஒருவன்