தண்ணி குடி, தம்பி

தம்பி,

அத்தை வீட்டுப் பத்திரிகை வந்துச்சு. ஓட்டேரிப் பக்கம் மெட்ரோ வேலை நடக்குறதால மண்டபத்தை வில்லிவாக்கத்துக்கு மாத்திட்டாங்க. நீ வரலைன்னு நானே சொல்லிட்டேன். மத்த சேதி அப்புறம்.

கால் எப்படி இருக்கு? பாதத்துல எறும்பு ஊருது, பின்தொடையில கரண்ட் இழுக்குதுன்னியே, இடுப்புக்கிட்ட முதுகெலும்புல, எல்4-எல்5ல ஆபரேஷன் ஆனவங்க நிறைய பேர் அதைச் சொல்வாங்க. நசுங்கிக் கிடந்த நரம்பு மெதுவாத்தான் தேறும். ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும்னு நர்சிங்ல எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. தூக்கமா வருதுன்னு நரம்பு வலி மாத்திரையை, அந்த ப்ரீகாபலினை, நீயா நிறுத்தாதே. மரத்த கால்ல வெந்நீர்ப் பை வைக்காதே, கொப்புளம் போட்டாலும் தெரியாது.

தண்ணி குடிக்கிறியா?

உன் பொண்டாட்டி வாய் தவறிச் சொல்லிட்டா, திட்டாதே. ஆபீஸ் போற நாள்ல காபிகூடத் தொடுறதில்லையாம். பேசிட்டு இருக்கும்போதே எழுந்து போனைக் கட் பண்றதை நானும் கவனிச்சேன். ஜி.எச். நியூரோ வார்டுல எத்தனையோ பேருக்கு யூரின் டியூப் போட்டிருக்கேன். முன்பின் தெரியாத ஆம்பளைங்ககிட்ட, யூரின் தெரிஞ்சு போகுதா, தெரியாம போகுதான்னு கூசாமக் கேட்டவ நான். உன்கிட்ட கேக்க நா எழல. அதான் எழுதுறேன்.

கசியுதுன்னா, உள்ள ரொம்பித் தேங்கி வழியுறதாவும் இருக்கலாம். போயிட்டு வந்ததும் மிச்சம் எவ்வளவு நிக்குதுன்னு ஸ்கேன்ல தெரிஞ்சிடும். டியூப் வேணும்னாலும் தானே போட்டு எடுக்கக் கத்துக்கிட்டு வேலைக்குப் போறவங்க இருக்காங்க. தண்ணியைக் குறைச்சா இன்ஃபெக்‌ஷனும் மலச்சிக்கலும்தான் வரும்.

ஒண்ணை மட்டும் தள்ளிப் போடாதே. உக்கார்ற இடம், தொடை இடுக்கு மரத்துப் போனாலோ, யூரின் முட்டுறதே தெரியலைன்னாலோ, ரெண்டு காலும் தளர்ந்தாலோ, ராத்திரின்னு பாக்காம கேஷுவாலிட்டிக்குப் போ. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லு. காலையில பாத்துக்கலாம்னு வெட்கப்பட்டுக் கிடந்து, அப்புறம் வந்தவங்களைப் பாத்திருக்கேன். அதுல ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்டா.

அப்பா படுத்த படுக்கையா இருந்தப்போ நீதான் பெட்பேன் எடுத்தே. பத்தாவது படிக்கிற பையன், ஒரு நாள் முகம் சுளிச்சதில்லை. வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தப் பிள்ளை இப்ப பெத்தவகிட்டயே மறைக்குது. உனக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா?

வெள்ளிக்கிழமை செக்கப்புன்னியே. அவ வெளிய நிக்கணும்னா நிக்கட்டும். டாக்டர்கிட்ட கால் வலியோட நிறுத்திக்காம இதையும் சொல்லு. சொல்லிட்டேன்னு எனக்கு ஒரு மெசேஜ் போட்டாப் போதும், மேற்கொண்டு எதுவும் கேக்க மாட்டேன். அதுவரைக்கும் தண்ணியை நிறுத்தாதே.

அம்மா