தேநீர் ஊற்றிக் கொடுத்த நண்பர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் காலமான என் நண்பரைப் பற்றி நாலு வரி எழுதத் தோன்றியது. பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது.

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குப் போகச் சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் படகை எடுப்பார்கள். ஆள் சேரும்வரை மற்றவர்கள் முணுமுணுப்போம். இவரோ ஃபிளாஸ்க்கைத் திறந்து, முகம் தெரியாதவருக்கும் இஞ்சித் தேநீர் ஊற்றுவார். படகு ஏறும்முன் பாதி நண்பர்களாகிவிடுவார்கள்.

சிங்கப்பூரிலேயே உயரமான புக்கிட் தீமா உச்சி 164 மீட்டர்தான். “இதெல்லாம் ஒரு மலையா?” என்று ஊரிலிருந்து வந்த என் மச்சான் சிரித்தார். சரி என்று ஒரே காலையில் இரண்டு முறை ஏற்றி இறக்கினார் நண்பர். அப்புறம் மச்சான் வாயே திறக்கவில்லை.

2001இல் உபின் தீவின் செக் ஜாவா கடலோரத்தை மண் கொட்டித் தூர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது, ஐந்து வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடல் வற்றிய நேரத்தில் போனார். “நல்லாப் பாத்துக்கம்மா, அடுத்த வருஷம் இருக்காது” என்று நட்சத்திர மீனைக் காட்டினார். அந்த டிசம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இவ்வளவு சந்தோஷமாகத் தன் கணிப்பு தப்பியதை ஒப்புக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த மகள் படகுத்துறைக்கு வந்திருந்தாள். கையில் அதே நசுங்கிய ஃபிளாஸ்க். அன்று ஒன்பது பேர்தான் சேர்ந்திருந்தோம். “அங்கிள், டீ?” என்றாள்.

- ஒரு வாசகர், ஈசூன்