மேற்கோள் எண்ணிக்கை மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

மூலக்கூறு உயிரியல் ஆய்வாளரின் தகுதியைக் கட்டுரை எண்ணிக்கையாலும், பிறர் தம் கட்டுரைகளில் அவற்றைச் சுட்டும் மேற்கோள் எண்ணிக்கையாலும் மட்டுமே எடைபோடும் வழக்கம் கவலை தருகிறது. புரதத்தை அளக்கும் முறையை விளக்கி லௌரி குழுவினர் 1951இல் வெளியிட்ட கட்டுரை 3 லட்சம் முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை 1953இல் அறிவித்த வாட்சன், கிரிக் கட்டுரை அதன் அருகில்கூட வரவில்லை. அதனால் அது சிறிய கண்டுபிடிப்பாகிவிடுமா? செய்முறையை ஆய்வகந்தோறும் பயன்படுத்துகிறார்கள், ஒவ்வொரு முறையும் குறிப்பிடுகிறார்கள். இரட்டைச் சுருளோ பாடநூல் அறிவாகிவிட்டது. மூலக் கட்டுரையைச் சுட்ட வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்ல இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-குறியீடும் இதற்குத் தீர்வல்ல. தலா 10 மேற்கோளாவது பெற்ற 10 கட்டுரைகள் இருந்தால் குறியீடு 10. அவற்றில் ஒன்று ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றாலும் அந்த எண் அசையாது. பலர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் சோதனைச் சாலையில் உழைத்தவர் யார் என்பதையும் அது சொல்லாது. இளம் ஆய்வாளர்களுக்கு இது பெரும் அநீதி.

இதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் எண்ணிக்கையை வைத்து ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என்று ஆய்வு மதிப்பீடு பற்றிய 2012ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் தெளிவாகவே சொல்கிறது. பணி நியமனக் குழுவினர் விண்ணப்பதாரரின் சிறந்த மூன்று கட்டுரைகளையாவது முழுமையாக வாசித்த பிறகு முடிவெடுக்க வேண்டும்.

- ஒரு வாசகர்