குரலுக்கு முதல் வரிசை குடுங்க, அதுக்குத் தனி பில்லு போடாதீங்க: எங்க ஏரியா பிராட்பேண்ட் கம்பெனிக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

போன வாரம் நீங்க அனுப்புன மெசேஜ் வந்துச்சு. மாசம் 300 ரூபா கூடக் கட்டுனா முன்னுரிமை லைன் கிடைக்கும், சாயங்கால நேரத்துலயும் போன் கால் பேச்சு உடையாது, கேம் லேக் ஆகாதுன்னு போட்டிருந்தீங்க. படிச்ச அன்னைக்கே எழுதியிருப்பேன், கோவத்துல எதையாவது எழுதிடக் கூடாதுன்னு நாலு நாள் ஆறப்போட்டேன். என்னோட அஞ்சு கம்ப்ளைண்டும் உங்ககிட்ட இருக்கு, அஞ்சையும் "ஸ்பீடு சரியா இருக்கு"ன்னு சொல்லி மூடிட்டீங்க, அதனால அந்தக் கதையை இங்க முழுசா இழுக்கல.

ஒண்ணு மட்டும் சொல்றேன். எங்க அப்பா ஹார்பர்ல 31 வருஷம் வின்ச் ஓட்டுனவரு. போன ஆடி மாசம் ஸ்ட்ரோக் வந்துச்சு, கை கால் ஓரளவு திரும்பிடுச்சு, பேச்சுதான் இன்னும் வரல. ஸ்பீச் தெரபி மேடம் வாரத்துல மூணு நாள் சாயங்காலம் ஏழரைக்கு வீடியோ கால்ல பயிற்சி குடுக்குறாங்க, தண்டையார்பேட்டையிலேருந்து அவரை ஆட்டோல ஏத்தி அவங்க இடத்துக்குக் கூட்டிட்டுப் போயி வர்றது மாசத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல எங்களால முடியல. மேடம் ஒரு வார்த்தை சொல்வாங்க, அப்பா திருப்பிச் சொல்லணும். அவருக்குப் பழக்கமான வார்த்தையா பாத்துதான் எடுப்பாங்க, கப்பல், கயிறு, கரை, கொக்கி. அப்பா கஷ்டப்பட்டு உதட்டைக் குவிச்சு "கப்பல்"னு சொல்வாரு. அந்தப் பக்கம் கேக்குறது "ப்..ல்". மேடம் பாவம், "ஐயா இன்னொரு தடவை சொல்லுங்க"ம்பாங்க. சொல்வாரு. மறுபடியும் "ஐயா இன்னொரு தடவை". நாலாவது தடவைக்கு அப்பா வாயை மூடிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிடுவாரு. தன் வாய்தான் சரியில்லன்னு அவரு நினைச்சுக்கிட்டாரு. மூணு வாரம் நாங்களும் அப்படித்தான் நினைச்சோம், தேறவே மாட்டேங்குறாரேன்னு எங்கம்மா ராத்திரில அழுதாங்க.

அப்புறம் ஒரு நாள் கால் நடக்கும்போதே பக்கத்துல இன்னொரு போனை வச்சு ரெக்கார்ட் பண்ணேன். போட்டுக் கேட்டா கப்பல் "கப்பல்"னே இருக்கு. முழுசா. கயிறும் கயிறாவே இருக்கு. திக்குனது உங்க லைனு சார், எங்க அப்பா இல்ல. அந்த ரெக்கார்டை அவருக்குப் போட்டுக் காட்டுனப்போ அவரு மூஞ்சியைப் பாத்திருந்தீங்கன்னா அந்த 300 ரூபா மெசேஜை அனுப்ப உங்களுக்கு மனசு வந்திருக்காது.

நான் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீஸ்ல நெட்வொர்க் வேலைதான் பாக்குறேன், அதனால வாய்க்கு வந்ததைச் சொல்லல. காலையில 11 மணிக்கு உங்க முதல் ஹாப்புக்கு, அதாவது எங்க வீட்டைத் தாண்டுனதும் வர்ற உங்க முதல் கருவிக்கு, பிங் போட்டா (போயி திரும்பி வர எவ்வளவு நேரம்னு பாக்குறது) 5, 6 மில்லிசெகண்டு. ராத்திரி ஏழரைக்குப் போட்டா 180ல ஆரம்பிச்சு 400 வரைக்கும் ஏறி இறங்குது, நடுவுல பாக்கெட், அதாவது டேட்டாவைத் துண்டு துண்டா அனுப்புற பொட்டலம், தொலையுது. அதே நேரத்துல ஸ்பீடு டெஸ்ட் போட்டா 40 எம்பிபிஎஸ் பிளானுக்கு 37, 38 காட்டுது. நீங்களும் அதைத்தான் பாத்துட்டு கம்ப்ளைண்டை மூடுறீங்க. ஒரு நிமிஷத்துல எத்தனை லாரி போச்சுங்குறது வேற, ஒரு லாரி எவ்வளவு நேரம் நின்னுச்சுங்குறது வேற. போன் பேச்சுக்கு ரெண்டாவதுதான் முக்கியம். ஒரு பக்கம் போக 150 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்னு உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவோட ஜி.114 பரிந்துரையே சொல்லுது. தாமதம் ஏறி ஏறி இறங்குச்சுன்னா இன்னும் மோசம், லேட்டா வர்ற பாக்கெட்டை அந்தப் பக்கத்து போன்ல இருக்குற ஆப் தூக்கிப் போட்டுடும், அப்படித்தான் "கப்பல்"ல பாதி காணாம போகுது.

எங்க ஏரியா ஆளுங்களுக்கு இது ஈசியா புரியும். ஹார்பர் ஜீரோ கேட்டுக்குப் போற டிரெய்லருங்க எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல வரிசை கட்டி நிக்கும், அது நடுவுல ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போற 108 மாட்டிக்கும். அப்ப டிரைவருங்க என்ன பண்றாங்க, ஹேண்டிலை ஒடிச்சு வழி விடுறாங்க. உள்ள படுத்திருக்குறவங்க கூடக் காசு கட்டுனாங்களா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் கேட்டதில்ல.

நான் கேக்குறதும் அதுதான். குரலுக்கு முதல் வரிசை குடுங்க, எல்லா பிளான்லயும்.

இது புதுசா கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்ல. 1981ல வந்த ஐபி விதிமுறையிலேயே ஒவ்வொரு பாக்கெட் தலைப்புலயும் இது எந்த மாதிரி சரக்குன்னு குறி போட எட்டு பிட் ஒதுக்கி வச்சுட்டாங்க. 1998 டிசம்பர்ல அதை டிஃப்சர்வ்னு ஒழுங்குபடுத்தி அதுல 6 பிட்டை எடுத்து 64 வகை குறி போடலாம்னாங்க, குரலுக்கு வழக்கமா போடுறது 46. உங்க ரேக்குல இருக்குற எந்தக் கருவியும் இந்தக் குறியைப் படிக்கும், படிச்சு தனி வரிசையில நிக்க வைக்கும். ஆனா என்ன நடக்குதுன்னு பாருங்க, நான் வீட்டுலேருந்து 46 குறி போட்டு எங்க ஆபீஸ் சர்வருக்கு பாக்கெட் அனுப்பி அங்க பிடிச்சுப் பாத்தேன், வந்து சேரும்போது குறி 0. எங்க ஆபீஸ் லைனு வேற கம்பெனி, அதுலேருந்து அதே சர்வருக்கு அனுப்புனா 46ஆவே வருது. அப்ப எங்க வீட்டுப் பக்கம்தானே அழியுது, எல்லாத்தையும் ஒரே வரிசையில தள்ளி விடுறீங்க. அதே குறியைத்தான் இப்ப 300 ரூபாய்க்கு விக்க வர்றீங்க.

இடம் பத்தாதுன்னு சொல்லாதீங்க, கணக்கு போட்டுட்டேன். நீங்க எங்களுக்குக் குடுக்குறது ஜிபான் ஃபைபர், வீட்டுலேருந்து உங்க பக்கம் மேல போறதுக்கு சுமார் 1.25 ஜிபிபிஎஸ், அதாவது 1,250 எம்பிபிஎஸ், அதை அதிகபட்சம் 64 வீடு பங்கு போடுதுன்னே வச்சுக்குவோம். ஒரு பேச்சுக்கு, குரலை டேட்டாவா மாத்துற பழைய ஜி.711 முறையிலயே, செகண்டுக்கு 50 பாக்கெட், தலைப்பெல்லாம் சேத்து 100 கேபிபிஎஸ்குள்ள அடங்கிடும். 64 வீட்டுலயும் ஒரே நேரத்துல பேசுனாலும் 6.4 எம்பிபிஎஸ். மொத்தத்துல அரை சதவீதம். அந்த அரை சதவீதத்தை முன்னாடி விட்டா சினிமா பாக்குற பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

எல்லாரும் எல்லா பாக்கெட்டுக்கும் 46 போட்டு ஏமாத்துவாங்களேன்னு உங்க இன்ஜினியர் ஒருத்தர் போன்ல கேட்டாரு, நியாயமான கேள்விதான். அதுக்கும் வழி இருக்கு, ஒரு வீட்டுக்கு 200 கேபிபிஎஸ் வரைக்கும்தான் முதல் வரிசை, அதுக்கு மேல போனா சாதா வரிசைக்குத் தள்ளிடுங்க. அப்புறம் ஏமாத்தி என்ன லாபம்? இல்ல குறியே வேணாம்னா வரிசையோட நீளத்தையாவது குறைங்க, ஒரு கால், ஒரு டவுன்லோடுன்னு ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனியா நிக்க வச்சு மாத்தி மாத்தி விடுங்க, எஃப்க்யூ-கோடல்னு 2018ல ஆர்எஃப்சியாவே, அதாவது இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணமாவே வந்திருக்கு. என் வீட்டு ரூட்டர்ல நானே போட்டிருக்கேன், அதனாலதான் என் வீட்டுக்குள்ள வரிசை நிக்கலன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியுது. நிக்கிறது உங்க பக்கம்.

பிளானுக்குப் பிளான் ஸ்பீடு மாறுறதை நான் எதிர்க்கல, அதைத் தெளிவா சொல்லிடுறேன். 40 வேணும்னா 40, 300 வேணும்னா 300, காசுக்கேத்த அகலம், சரி. ஆனா முன்னுரிமைங்குறது அகலம் இல்ல, அது வரிசையில இன்னொருத்தரைப் பின்னாடி தள்றது. அதை விக்க ஆரம்பிச்சீங்கன்னா சாதா லைன் நல்லா இருந்தா யாரும் வாங்க மாட்டாங்க, அப்ப சாதா லைனை நல்லபடியா வச்சுக்கணும்னு உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இருக்காது. எனக்குப் பயமே இதுதான். 2020 ஜூலைல ரெண்டு மொபைல் கம்பெனிங்க இதே மாதிரி முன்னுரிமை பிளான் போட்டப்போ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் நிறுத்தி வைக்கச் சொல்லி, மத்த வாடிக்கையாளருக்குத் தரம் குறையாதான்னு விளக்கம் கேட்டுச்சு, விஷயம் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. அந்தக் கேள்வியைத்தான் நானும் கேக்குறேன், நான் 300 கட்டி முன்னாடி போனா, கட்ட முடியாத கொருக்குப்பேட்டை வீட்டுல யாரோட பேச்சு உடையும்?

எல்லாத்துலயும் இப்படியே பழகிட்டாங்க எங்களை. சாம்பல் இங்க, எண்ணெய் இங்க, குப்பைமேடு இங்க, லாரி இங்க, நல்லது எதுவா இருந்தாலும் கடைசியா இங்க. சிங்கப்பூர்லேருந்து கடலுக்கடியில வர்ற கேபிள் சென்னை கரையிலதான் ஏறுது, 2020 ஆகஸ்ட்ல அந்தமானுக்கு 2,300 கிலோமீட்டருக்குக் கேபிள் போட்டதும் சென்னையிலேருந்துதான். அவ்வளவு தூரம் கடலைத் தாண்டுற பேச்சு ஒரு தண்டையார்பேட்டை தெருவைத் தாண்ட மாட்டேங்குது. புது கருவி வந்தா முதல்ல எந்த ஏரியாவுக்குப் போகுதுன்னு உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மன்னிக்கணும், வேற எங்கயோ போயிட்டேன். உங்க லைன்மேன் தம்பிங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, மழையில மேல ஏறி ஃபைபரை ஒட்ட வைக்கிற பசங்க அவங்க, அவங்களைத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல. இது மேல ஒரு ஆபீஸ்ல உக்காந்து ஒருத்தர் கான்ஃபிக்ல நாலு வரி மாத்துற வேலை, மாத்தணும்னு ஒருத்தர் முடிவு எடுக்குற வேலை. அந்த ஒருத்தரைத்தான் கைகூப்பிக் கேட்டுக்குறேன். குரலுக்கு முதல் வரிசையை எல்லா பிளான்லயும் குடுங்க. வர்ற குறியை அழிக்காதீங்க. ராத்திரி 7லேருந்து 10 வரைக்கும் தாமதம் எவ்வளவு, பாக்கெட் எவ்வளவு தொலையுதுன்னு பிளான் விவரத்துலயே எழுத்துல போடுங்க, வெறும் எம்பிபிஎஸ் மட்டும் போட்டா அது பாதிதான்.

என் பேச்சு நம்பிக்கை இல்லன்னா உங்க இன்ஜினியரை லேப்டாப்போட எங்க வீட்டுக்கே அனுப்புங்க. அடுத்த கால் வர்ற செவ்வாக்கிழமை, ஏழரைக்கு. ஏழு மணிக்கே வந்துட்டா டீ குடிச்சுட்டு உக்காரலாம். அப்பா அப்பவே சட்டை மாத்திக்கிட்டு போனுக்கு முன்னாடி உக்காந்துடுவாரு. அந்த வாரம் மேடம் "ச"வுல வர்ற வார்த்தைங்க ஆரம்பிக்கிறாங்க, சங்கிலி, சரக்கு.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலேருந்து உங்க ஆறு வருஷ வாடிக்கையாளர்