செப்டிக் டேங்க் கட்ட வரும் கான்ட்ராக்டர் அண்ணன்களுக்கு

வணக்கம். இடத்தைப் பார்த்ததும் நீங்கள் கேட்கிற முதல் கேள்வியை வைத்தே இப்போதெல்லாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறேன். “எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம்?” என்று ஆரம்பித்தால் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுவேன். “வீட்டில் எத்தனை பேர், கிணறு எங்கே, மழைக்காலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் ஊறும்?” என்று கேட்டால் நாற்காலி எடுத்துப் போடுவேன்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் வீட்டுக்கு வந்தவர் வேகமான ஆள். தோண்டினார், கட்டினார், மூடினார், சுவர்ப்பூச்சைத் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த மழைக்கே கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் குமிழி விட ஆரம்பித்தது. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே வரும் பைப்பும் வெளியே போகும் பைப்பும் சுவரோடு வெட்டி நிறுத்தப்பட்டிருந்தன, ஒன்றிலும் டி பைப் (ஆங்கில T எழுத்து வடிவத்தில் இருக்கும் இணைப்புக் குழாய்) இல்லை. தொட்டியில் கசடு அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கும், நடுவில் இருக்கிற ஓரளவு தெளிந்த நீர்தான் வெளியே போக வேண்டும், அதை நடுவிலிருந்து எடுக்கத்தான் அந்த டி. அது இல்லாததால் மேல் ஏடு அப்படியே உறிஞ்சுகுழிக்கு, அதாவது தொட்டியிலிருந்து வரும் நீர் மண்ணில் இறங்கும் குழிக்குப் போய் மண்ணின் கண்களை அடைத்துவிட்டது. போதாததற்கு எங்கள் மண் களிமண், அதையும் அவர் பார்க்கவில்லை.

மண்ணைப் பார்ப்பது என்றால் கையில் உருட்டிப் பார்த்துத் தலையாட்டுவது இல்லை அண்ணே. உறிஞ்சுகுழி வரப்போகிற ஆழத்தில் சின்னக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊற விட வேண்டும், ஏனென்றால் காய்ந்து வெடித்த களிமண் முதல் வாளியை மடமடவென்று குடித்து நம்மை ஏமாற்றிவிடும். மறுநாள் மறுபடி ஊற்றி, நீர்மட்டம் ஒரு அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளவுகோல் வைத்துக் குறிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அங்கே சாதாரண உறிஞ்சுகுழி பெரும்பாலும் சரிப்படாது, வேறு வழி பார்க்க வேண்டும். ஒரே நிமிடத்தில் காணாமல் போனாலும் சந்தோஷப்பட முடியாது, வடிகட்டப்படாத கழிவு அதே வேகத்தில் நிலத்தடி நீருக்குப் போகிறது என்று அர்த்தம்.

அப்புறம் உங்களில் சிலர் பெருமையாகச் சொல்லும் ஒரு வசனம்: “அடியில் பூசாமல் விட்டுடறேன், ஆயுசுக்கும் நிறையாது.” அப்படிக் கட்டினால் அதற்குப் பெயர் செப்டிக் டேங்க் இல்லை, வெறும் மலக்குழி; சில காலம் நிறையாமல் இருக்கலாம், ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைக் கிணற்றைக் கேட்டால்தான் தெரியும். ஒழுங்காக வேலை செய்கிற தொட்டியில் கசடு சேரத்தான் செய்யும், சில வருடங்களுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்கத்தான் வேண்டும். அதை முதல் நாளே சொல்லுங்கள், லாரியின் குழாய் போகிற இடத்தில் மூடி வையுங்கள். எங்கள் மூடி டைல்ஸுக்கு அடியில் இருந்தது, உடைத்துத்தான் திறந்தோம். திறந்த தொட்டிக்குள் ஆளை மட்டும் இறக்காதீர்கள், உள்ளே இருக்கிற விஷவாயு கத்துவதற்குக்கூட நேரம் கொடுக்காது.

மண் மூடுவதற்கு முன் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி ஒரு நாள் விடச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். கசிகிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. கட்டி முடித்ததும் எந்த மூலையில் தொட்டி, எங்கே குழி, பைப் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்து கொடுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்போது தம்பி வீட்டு வேலை இருக்கிறது. பின்பக்கம் சின்னக் குழி ஒன்று தோண்டி நேற்று மாலையே தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். வருகிறவர் அளவுகோலோடு வரவும்.