ரோமுலஸ் பின்னால் வந்தவர்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த பழைய ஐரோப்பிய நகரப் பெயர்கள் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் ‘ரோமுலஸ் நிறுவியதால் ரோம்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. அறிஞர்கள் பெரும்பாலும் சொல்வது இதற்கு நேர்மாறு. ஊர்ப்பெயர் முந்தியது, அதற்குக் காரணம் தேடியவர்கள் பிறகு பெற்றெடுத்த பிள்ளைதான் ரோமுலஸ். கிரேக்கர்களோ, ‘ரோமே’ என்றால் எங்கள் மொழியில் வலிமை என்று உரிமை கொண்டாடினார்கள். அதுவும் ஒலி ஒற்றுமையை நம்பிக் கட்டிய கதையே.

கிரேக்கத்து ஊர்களே முழுக்கக் கிரேக்கப் பெயர்கள் கொண்டவை அல்ல. கொரிந்தோஸின் ‘ந்தோஸ்’, க்னோஸ்ஸோஸின் ‘ஸ்ஸோஸ்’ ஆகிய ஈறுகள், கிரேக்கருக்கு முன் அங்கே வாழ்ந்தோர் விட்டுச்சென்ற மிச்சம் என்று கருதப்படுகிறது.

கட்டுரையில் விடுபட்ட பெனவென்டோவைச் சொல்லியே ஆக வேண்டும். தென் இத்தாலியில் உள்ள அந்த ஊரை ரோமானியர் முதலில் ‘மலெவென்டும்’ என்றனர். அது ஒரு கிரேக்கப் பெயரின் திரிபு என்பர். அக்ரகாஸ் என்ற கிரேக்க நகரம் அக்ரிகென்டும் ஆனதும் இப்படித்தான். ஆனால் லத்தீன் காதில் ‘மலெவென்டும்’ ‘கெட்ட வருகை’ என்று விழுந்தது. கி.மு. 275இல் அதன் அருகே ரோமானியருக்குக் கிரேக்க மன்னன் பைரஸோடு போர் நடந்தது. கி.மு. 268இல் அங்கே குடியேற்றம் அமைத்தபோது, முன்பாதியை மட்டும் மாற்றி ‘பெனவென்டும்’, அதாவது நல்வரவு, ஆக்கிவிட்டார்கள். அட்ரியாட்டிக் கடலோரத்து எபிதம்னோஸுக்கும் இதே கதி. அந்தப் பெயரில் ‘இழப்பு’ என்னும் லத்தீன் சொல் ஒலித்ததால் துர்ராகியம் என்று மாற்றினார்கள் என்கிறார் பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினி. இன்று அது அல்பேனியாவின் துரஸ். இத்தனை நாடுகளை வென்றவர்கள் ஓர் அசைக்கு அஞ்சியது வேடிக்கைதான். ஆனாலும் சுடுகாட்டை நன்காடு என்னும் மங்கல வழக்கு உள்ள நாம் அதிகம் சிரிக்க முடியாது.

நேப்பிள்ஸ் பற்றிய பகுதி நன்று. ‘நியாபோலிஸ்’, புதிய ஊர், என்று பெயர் வைத்துச் சுமார் 2,500 ஆண்டுகள் ஆகியும் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை! பாலஸ்தீனத்தின் நாப்லுஸும் அதே பெயர்தான். பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் கி.பி. 72இல் நிறுவிய ஃப்ளாவியா நியாபோலிஸ், அரபு நாவில் அப்படி ஆயிற்று. தொடரின் அடுத்த பகுதியில் அதற்கும் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தஞ்சாவூர்