கோட்பாடு வேண்டாம் என்பவர்களின் கோட்பாடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் நலப் பணி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். மலையகத் தேயிலைத் தோட்டப்புறத்தில் சிறுவர் நல வேலை செய்ய வருபவர்களுக்கு வெளிநாட்டுக் கோட்பாடுகள் எதற்கு, லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், நாலு வருடம் ஏறி இறங்கினால் எல்லாம் விளங்கிவிடும் என்பது அதன் சாரம். பாதி சரிதான். நுவரெலியா விடுதி மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி, சுவரில் வண்ணத் தாள்களில் வட்டங்களும் அம்புக்குறிகளும், மாலையில் சான்றிதழும் குழுப் புகைப்படமும். இந்தச் சடங்கால் எந்தப் பிள்ளையும் பயனடைந்ததாகத் தெரியவில்லை. மற்றப் பாதிதான் என்னை எழுத வைக்கிறது.

நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பாடசாலையின் சார்பில் சிறுவர் அபிவிருத்திக் குழுக் கூட்டங்களிலும் இருந்திருக்கிறேன். தனக்குக் கோட்பாடெல்லாம் தெரியாது என்று சொன்ன எவரும் அங்கே கோட்பாடு இல்லாமல் பேசியதை நான் கேட்டதில்லை. தாய் வெளிநாடு போனால் குடும்பம் சீரழியும். தோட்டத்துத் தகப்பன் என்றால் குடிப்பான். லயத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. இவை கோட்பாடுகள் இல்லாமல் வேறென்ன? புத்தகத்தில் உள்ளதோடு சண்டை பிடிக்கலாம். யார் சொன்னார், எந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்கலாம். இந்த வாய்வழிக் கோட்பாடுகளுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஆகவே யாரும் விசாரிப்பதில்லை.

தாய்ப்பாசம் பற்றிய பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தானிய மனநல மருத்துவர் ஜோன் போல்பி 1951 இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையிலிருந்து பரவியது அது. வீடிழந்த பிள்ளைகளையும் நிறுவனங்களில் வளர்ந்த பிள்ளைகளையும் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி எழுதப்பட்ட அறிக்கை. தாயோ, தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் இன்னொருவரோ பிள்ளைக்கு வேண்டும் என்பது அவர் கருத்து. நல்ல விடுதியைவிடக் குறையுள்ள வீடே மேல் என்றும் அவர் அதில் வாதிட்டார். இங்கு நடப்பது நேர்மாறு. தாய் குவைத்தில் இருக்கிறாள், பிள்ளைக்குத் தாய்ப்பாசம் இல்லை, எனவே சிறுவர் இல்லத்துக்கு அனுப்பலாம் என்கிறார்கள். பிறந்த நாள் முதல் தூக்கி வளர்த்த அம்மாயி (தாயின் தாய்) உத்தியோகத்தரின் கோப்பில் ஒரே வரியில் முடிந்துபோகிறாள்: முதியவர், வருமானம் இல்லை. போல்பியை ஒழுங்காக வாசித்த ஒருவர் முதலில் அந்த அம்மாயியிடம்தான் போயிருப்பார். போல்பியையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. பிரிவு ஒன்றே பிள்ளையைக் கெடுப்பதில்லை, வீட்டுக்குள் ஓயாத சச்சரவும் கெடுக்கும் என்று சிறுவர் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் 1972 இலேயே அவரைத் திருத்திவிட்டார்.

அரசாங்கமும் இதே வழிதான். 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவரப்பட்டு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாட்டு வேலைக்குச் செல்வது தடுக்கப்பட்டது. 2022 இல் அந்த வயது இரண்டாகக் குறைந்தது. இடையில் பிள்ளை வளர்ப்புப் பற்றிய அறிவு மாறிவிட்டதா? இல்லை, நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டது. தகப்பன் வெளிநாடு போகும்போது அவனிடம் அந்த அறிக்கையை எவரும் கேட்டதும் இல்லை.

கட்டுரையாளர் சொல்லும் அனுபவம் எங்கே சறுக்குகிறது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். எந்தத் தோட்டத்திலும் நடப்பதுதான். எட்டாம் வகுப்பில் படிக்கும் மூத்த பெண்பிள்ளை வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாடசாலைக்கு வருவதில்லை. சிறுவர் நல உத்தியோகத்தர் போய்ப் பார்க்கிறார். வீட்டில் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பெற்றோரின் கவனயீனம் என்று எழுதுகிறார். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று தாயை எச்சரித்துவிட்டு வருகிறார். அடுத்த மாதமும் அதே கதைதான்.

ஊரி புரொன்பென்பிரென்னர் என்ற உளவியலாளர் பிள்ளையை மட்டும் பார்க்காதீர்கள், வீட்டையும் பாருங்கள், வீட்டைப் பாதிக்கும் வேலைத்தலத்தையும் சட்டத்தையும் பாருங்கள் என்றார். அவர் பெயர் நமக்குத் தேவையில்லை, அந்தக் கேள்வி தேவை. பிள்ளைக் காம்பரா, அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம், எத்தனை மணிக்கு மூடுகிறது? மாலையில் பறித்த அந்திக் கொழுந்து எத்தனை மணிக்கு நிறுக்கப்படுகிறது? இரண்டுக்கும் நடுவில் கைக்குழந்தை யாரிடம் இருக்கும்? 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவும் கூடியது. கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாட்சம்பளம். முழுப்பேருக்காகத் தாய் மலையில் கூடுதல் நேரம் நிற்கிறாள், அந்த நேரத்துக்கான விலையை மூத்தவள் கொடுக்கிறாள். காய்ச்சல் கண்ட குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் எடுக்க மாட்டார்கள் என்றால் அன்றும் மூத்தவள்தான். இங்கே பேச வேண்டியது தோட்ட நிர்வாகத்தோடு, தொழிற்சங்கத் தலைவரோடு. கோப்போ தாயின் பெயரில் திறக்கப்பட்டிருக்கிறது. இந்த வீட்டை நாலு வருடம் அல்ல, நாற்பது வருடம் பார்த்தாலும், கேள்வி மாறாதவரை கண்ணில் படுவது கவனயீனம் மட்டும்தான்.

முதலில் எழுதிய முடிவு மாறுவது எவ்வளவு கடினம் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. பிரித்தானியாவில் 1973 முதல் 1994 வரை சிறுவர் துன்புறுத்தல் பற்றி வெளிவந்த 45 விசாரணை அறிக்கைகளை எய்லீன் மன்றோ என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். புதிய தகவல் கைக்கு வந்த பின்னும் உத்தியோகத்தர்கள் தம் முதல் கணிப்பை லேசில் விடவில்லை என்று கண்டார். படித்த, பயிற்சி பெற்ற, தாய்மொழியில் வேலை செய்த ஆட்கள் அவர்கள். பிள்ளை தமிழில் சொன்னதை இன்னொருவர் சிங்களத்தில் சொல்ல, மூன்றாமவர் படிவத்தில் எழுதும் நம் மலைகளில் முதல் கணிப்பு எந்த லட்சணத்தில் இருக்கும்?

உத்தியோகத்தர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. பஸ் போகாத டிவிஷன்களுக்கு மழையில் நடந்து போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் எத்தனை வீட்டுக்குப் போனீர்கள் என்று மேலிடம் கேட்கிறது. ஏன் இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்பதற்கு ஆள் இல்லை, நேரமும் இல்லை. குழுக் கூட்டங்களில் வாசிக்கப்படுவதெல்லாம் எண்ணிக்கைதான்: இடைவிலகல் இத்தனை, முறைப்பாடு இத்தனை, இல்லத்தில் சேர்த்தது இத்தனை. வறுமை மட்டுமே பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது என்று பிள்ளைகளின் மாற்றுப் பராமரிப்புப் பற்றிய 2009 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் வழிகாட்டல்கள் சொல்கின்றன. நம் சிறுவர் இல்லங்களில் உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். அந்த எண்ணிக்கைகளுக்குள் வறுமையால் சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று நான் இருந்த கூட்டம் எதிலும் எவரும் கேட்கவில்லை.

செலவில்லாத ஒரு யோசனை. ஒவ்வொரு கூட்டத்திலும் அரை மணி நேரம் ஒரே ஒரு கோப்புக்கு ஒதுக்கட்டும். பிள்ளையின் பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம். எதைப் பார்த்தோம், எதை ஊகித்தோம், எது தெரிந்தால் இந்த முடிவு மாறும் என்று அந்த உத்தியோகத்தர் சொல்லட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். பேச்சு தமிழில் இருக்கட்டும். பிள்ளைக் காம்பரா பொறுப்பாளரையும் கூப்பிடுங்கள். அவருக்குத் தெரிந்தது வேறு எந்த உத்தியோகத்தருக்கும் தெரியாது.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். தம் நீண்ட அனுபவத்தில் ஒரு பிள்ளையைப் பற்றி முதலில் எடுத்த முடிவை எந்தத் தகவல் மாற்றியது என்று, அடையாளம் தெரியாதபடி, அடுத்த இதழில் எழுதட்டும். நீங்களும் அதற்கு அரைப்பக்கம் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மலையகம்